நிமிர்த்திய கம்பி

படம் பார்த்து வந்த ஆசையில் கறுப்புக் கண்ணாடி சேர்ப்பவன் நான். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் அகலக் கண்ணாடி தொட்டு, 1995இன் ‘பாட்ஷா’வில் ரஜினி அணிந்த வகை வரை இருக்கின்றன. எல்லாம் ஹட்டன் தெருவோரத்தில் வாங்கிய சாயல்கள்தாம்.

கோணியவற்றை நானே நிமிர்த்துவேன். பிளாஸ்டிக்கைச் சுடுநீரில் இளக்கலாம். உலோகம் அப்படியல்ல, வளைந்து நிமிர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் பலமிழக்கும். அப்படியொன்றை லயத்துப் பொடியன் ஒருவனுக்கு விற்றேன்.

“கோணல் இல்லையே நானா?”

“இல்ல தம்பி, பாருங்க.”

பொய்யில்லை. ஆனால் தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபிகளார் கண்டித்தது நினைவில் தட்டியபோது, அவன் பஸ் ஏறியிருந்தான்.

கேட்டதற்கு மட்டும் உண்மை சொல்வது நேர்மையில் சேருமா? காசை மடித்து வைத்திருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று அவனிடம் கேட்கவில்லை.