காணப்படாத வேலையும் மனச்சாட்சியும்

மனிதன் செய்யும் வினைகளுட் பல பிறர் கண்ணிற் படுவன. சில, செய்து முடித்த கணமே மறைந்துவிடுவன. அறவியல் நூல்கள் பெரும்பாலும் முதல் வகையையே எடுத்தாராய்கின்றன. இரண்டாம் வகையை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டத்து வீட்டு முற்றமொன்றில் நிகழும் எளிய வேலையொன்றே போதுமானது. பழைய காரொன்றின் எஞ்சினுக்கு அதன் சொந்தக்காரரே புதிய 'ஹெட் கஸ்கெற்' போடுதலே அவ்வேலை.

எமது நாட்டில் இது வெறும் பொழுதுபோக்கன்று. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச் தொடக்கம் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்திலும் பழைய காரைப் பேணுதல் பல குடும்பங்களுக்குத் தேவையாயிற்று. 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் இன்றும் எமது வீதிகளில் ஓடுவது இத்தகைய பேணலினாலேயாம்.

சிலிண்டர் புளொக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையே கிடக்கும் மெல்லிய தகடே கஸ்கெற். எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றையும் தத்தம் வழியில் நிறுத்துவது அதுவே. பலகடுவ ஏற்றத்திலோ, றத்தோட்டையிலிருந்து றிவஸ்ரன் செல்லும் மலைப்பாதையிலோ எஞ்சின் அளவுமீறிச் சூடேறின் அது பழுதடையக்கூடும். எண்ணெய் நீருடன் கலந்து பாற்றேநீரின் நிறங்கொள்ளுதல் அதன் அறிகுறிகளுள் ஒன்று. அதனை மாற்றுபவர் ஹெட்டைக் கழற்றி, இரு முகங்களையும் துப்புரவாக்கி, நேரான உருக்குச் சட்டமொன்றை வைத்து வளைவு உண்டோவென நோக்கி, பின்னர் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். வளைவு காணப்படின் லேத் பட்டறையிற் கொடுத்துச் சமப்படுத்துதல் முறை.

ஆயின், வளைந்த ஹெட்டையே பசை பூசி மூடிவிட்டாலும் எஞ்சின் சில காலம் ஓடும். மூடிய பின் உள்ளிருப்பதை எவரும் காணார். பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில், அணிந்தவனை மறையச் செய்யும் கைஜீஸின் மோதிரத்தைப் பற்றிக் கூறுகின்றார். பிறர் காணாதவிடத்தும் ஒருவன் நீதியுடன் நடப்பானா என்பதே ஆங்கு எழும் வினா. அம்மோதிரம் கதையில் மட்டுமே உண்டு. மூடப்பட்ட எஞ்சினோ ஸ்பனர் பிடிக்கும் எவருக்கும் கிடைப்பது.

இதற்கு மறுப்பொன்று உண்டு. "காரும் எனது, உழைப்பும் எனது, கெட்டால் நட்டமும் எனதே" எனச் சொந்தக்காரர் கூறலாம். கூலி பெறும் கராச்காரருக்குள்ள கடப்பாடு தமக்கில்லை என்பது அவர் வாதம். இது முற்றிலும் பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. பழைய கஸ்கெற்றுகள் பலவற்றில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. அதனை உலரச் சுரண்டினால் எழும் தூசியை முற்றத்தில் விளையாடும் பிள்ளையும் சுவாசிக்கும். கானில் ஊற்றிய கழிவெண்ணெய் சுது கங்கையைச் சென்றடையலாம். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற அயலாளை ஏற்றிச் செல்ல அழைக்கப்படுவதும் அதே காராக இருக்கலாம்.

இன்னும் நுண்ணிய நிலை காரை விற்கும்போது தோன்றுகின்றது. "கஸ்கெற் புதிதா?" என வாங்க வந்தவர் கேட்கின்றார். "ஆம், புதிது" என்பது விடை. சொல்லளவில் அது உண்மை. ஆனால் கேட்டவர் அறிய விரும்பியது தகட்டின் வயதையன்று. அவ்வெஞ்சினை நம்பலாமா என்பதையே. வளைவை அறிந்தும் அதனைக் கூறாது விட்டவர், உண்மை பேசியே ஏமாற்றியவராகின்றார். பொய்யிலும் இது கொடிது எனலாம். ஏனெனில் மனச்சாட்சி இங்கு தன்னை எளிதிற் சமாதானப்படுத்திக் கொள்கின்றது.

எனினும், பட்டறைக்குக் கொடுக்கப் பணமில்லாதவரிடம் குறைவற்ற வேலையை வற்புறுத்துவது அறமாகுமா? ஆகாது. வறுமையும் அனுபவக் குறைவும் அரைகுறையான திருத்தத்துக்குத் தக்க காரணங்களாகலாம். ஆனால் அதனை மறைப்பதற்கு அவை காரணமாகா. "ஹெட் சிறிது வளைந்துள்ளது, நெடுந்தூரம் போகவேண்டாம்" எனக் கூறுவதற்குப் பணம் வேண்டியதில்லை. தனது திறமையின் எல்லையை உணர்ந்து, அதற்கப்பால் அறிந்தவரிடம் கேட்பதற்கும் துணிவு மட்டுமே வேண்டும். ஆகவே வேலை குறைவின்றி அமைதல் எல்லார்க்கும் இயல்வதன்று. வேலையைப் பற்றிய உண்மை எல்லார்க்கும் இயல்வது. கடமை ஈண்டே தொடங்குகின்றது.

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும் நாளில், திரளும் மக்கள் கண்டு தொழுவது மேலுள்ள அலங்காரத்தையே. வடம் பிடிப்போரின் உயிரோ, கீழே அச்சையும் சக்கரத்தையும் முன்னரே சோதித்துப் பார்த்தவரின் நேர்மையைச் சார்ந்துள்ளது. அவர் யாரென எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாதவிடத்தும் அவர் சரிவரச் சோதித்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே தேரும் நகர்கின்றது, சமூகமும் நகர்கின்றது.