தொகுதிக்குள் ஓர் உலை

இங்கிலாந்தின் பேரோ, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்டிப் பிழைக்கும் ஊர். 1966 முதல் அதன் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த தொழிற்கட்சியின் ஆல்பர்ட் பூத், அணு ஆயுதம் கூடாது என்று வாதிட்டவர். 1983 தேர்தலில் தோற்றார். கப்பல் தளத்து வேலை போய்விடுமோ என்ற அச்சமும் அவருக்கு எதிராக நின்றது. அவரைத் தியாகி என்பதும், வாக்களித்தவர்களைச் சுயநலக்காரர்கள் என்பதும் சுலபம். வேலை கேட்பது பாவமில்லை. அதைப் பெற்றுத் தருவதும் உறுப்பினரின் கடமைதான். சிக்கல், வேலை வந்த பிறகு தொடங்குகிறது.

தமிழ்நாட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வாங்கி ஏற்றுமதி செய்த சதுரங்கப்பட்டினத்துக்கு இன்று பக்கத்து வீடு கல்பாக்கம் அணு வளாகம். மின்சாரம் மட்டுமல்ல, இந்தியாவின் அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கிக்கான உலையின் மாதிரியும் அங்கேதான் தரையில் அமைத்து இயக்கிப் பார்க்கப்பட்டது. 2009-இல்தான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். அதுவரை மறைத்ததில் எனக்குப் பெரிய குறை இல்லை. உலையின் வடிவமைப்பை எதிரி அறியக் கூடாது என்பது நியாயம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்கள் 2000-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. அம்மையத்தைச் சேர்ந்த கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையும் அதில் அடங்கும். 2003 ஜனவரியில் அங்கே ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுள்ள கழிவு தவறான தொட்டிக்குப் போனது. அது தெரியாமல் வேலை பார்த்த ஆறு ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். நிர்வாகம் பத்திரிகைகளிடம் பேசியது ஆகஸ்டில். அதற்குள் குரல் கொடுத்தது ஊழியர் சங்கம்.

ஒரு தொழிலாளி எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினான் என்பதில் எந்த நாட்டு உளவாளிக்கு என்ன லாபம்? ஆயுத ரகசியத்துக்குரிய போர்வையைத் தவற்றின் மீதும் போர்த்துவதுதான் அநீதி. நாட்டுப் பாதுகாப்புக்கு யாரோ விலை தரத்தான் வேண்டும் என்பார்கள். சரி, ஆனால் விலை என்னவென்று கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? ஊழியருக்காவது சம்பளமும் சங்கமும் உண்டு. சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் வலை இழுப்பவருக்கு இரண்டும் இல்லை. அவருக்கு இருப்பது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்தான்.

அந்த உறுப்பினர், தொகுதிக்கு வேலை தரும் இடத்தைக் கேள்வி கேட்பது நன்றி கெட்டதனம் என்று நினைத்தால், வேலையா கொள்கையா என்ற பேரோவின் நெருக்கடி இங்கே தேர்தல் வராமலேயே தீர்ந்துவிடும். உலையை மூடச் சொல்லி அவர் போராட வேண்டியதில்லை. கடலில் விடும் வெந்நீரின் அளவு, ஊழியர் மேல் பட்ட கதிர்வீச்சு, விபத்து வந்தால் குப்பத்தை வெளியேற்றும் திட்டம் ஆகியவற்றை ஆண்டுதோறும் கேட்கலாம். அணுசக்தித் துறை பிரதமரின் பொறுப்பில் உள்ளது. கேள்வி அங்கேதான் போகும். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பதில் மறுக்கப்பட்டாலும், எதைக் கேட்டபோது மறுத்தார்கள் என்பது அவைக் குறிப்பில் பதிவாகிவிடும்.