சின்னது சீக்கிரம் ஆறும்

கும்பகோணத்தில் பழைய பித்தளை எடுக்கிற ஒரு கடையில்தான் அதைப் பார்த்தேன். காது போன அண்டா, அடி நசுங்கிய தவலை, தண்டு மட்டும் மிஞ்சிய குத்துவிளக்கு, இவற்றுக்கு நடுவே ஒரு சாண் நீளத்தில் ரயில் இன்ஜின் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் தூசு தட்டக்கூட இல்லை, எடுத்துத் தராசில் வைத்தார். ஒரு கிலோ முந்நூறு கிராம். "கிலோ விலைதான் சார், பொம்மைக்குன்னு தனி ரேட்டு கிடையாது" என்றார். தவலை விலைக்கு இன்ஜினை வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்த்தேன். பழம்பொருள் சேகரிப்பவர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். நூறு வருஷக் கறுப்புக்குத்தான் அவர்களிடம் விலை. எனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. கொதிகலன் என்று ஒரு பித்தளை உருளை, அதன் தலையில் குட்டைப் புகைபோக்கி. தண்ணீர் ஊற்ற ஒரு திருகு மூடி. ஆவி மிஞ்சினால் தூக்கிக்கொண்டு விடுகிற வால்வும் அதுவேதான். இரு பக்கமும் விரல்கணு அளவில் சிலிண்டர்கள். பிஸ்டன் போய்வரும்போது சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி, ஆவி வரும் துளையைத் திறந்து மூடும். அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. தண்டவாளம் தேவையில்லை. முன்சக்கரங்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கோணி வைக்கப்பட்டிருக்கின்றன, கூடத்தில் வட்டமடிப்பதற்காக.

19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இங்கிலாந்தில், முக்கியமாக பர்மிங்ஹாம் பக்கத்துப் பித்தளைப் பட்டறைகளில், இந்த வகையைச் செய்து விற்றார்கள். ஓடும்போது சிலிண்டரிலிருந்து தண்ணீர் சொட்டி, தரையில் ஈரக்கோடு போட்டுக்கொண்டே போகும். அதனால் ஆங்கிலத்தில் அதற்கு 'ஜொள்ளு விடுவது' என்கிற மாதிரி ஒரு செல்லப்பெயர். இன்னொரு பெயரும் உண்டு. சிறுபிள்ளை நின்ற இடத்திலேயே செய்துவிடுகிற காரியத்தைச் சொல்வது.

இந்த இடத்தில் என் ஊஞ்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஆற்றங்கரைக் கிராமத்து வீட்டை விற்றுவிட்டு தஞ்சாவூரில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். வரும்போது பழைய வாழ்க்கையை அப்படியே சின்னதாக்கிக் கொண்டுவருவதாகத்தான் எண்ணம். துளசி மாடத்துக்குத் தொட்டி, கொல்லைக்கு பால்கனி. ஊஞ்சல் பலகையைத் தச்சரிடம் கொடுத்து ஓரடி குறைத்து, சங்கிலியில் பாதியைக் கழற்றி மாட்டினோம். உட்கார்ந்த முதல் நாளே தலை சுற்றியது. உத்திரத்திலிருந்து தொங்கிய பழைய ஊஞ்சல் நிதானமாகப் போய் நிதானமாக வரும். சாப்பிட்டவன் அதிலேயே தூங்கிப்போவான். இது படபடவென்று ஆடுகிறது. சங்கிலி குறைந்தால் ஆட்டம் வேகமாகிவிடும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான். அதைப் பரீட்சையில் எழுதினோமே தவிர, அதன்மேல் உட்கார்ந்து பார்க்கவில்லை.

சமையலிலும் அதே கதை. கிராமத்தில் பத்துப் பேருக்கு வைத்த கை, இங்கே இரண்டு பேருக்கு வைக்கிறது. புளியையும் உப்பையும் ஐந்தால் வகுத்துவிடலாம். அடுப்பை வகுக்க முடியவில்லை. அகலப் பாத்திரத்தில் கையளவு சாம்பார் வற்றிக் கூழாகிறது, சின்னப் பாத்திரத்தில் வைத்தால் இலைக்கு வருவதற்குள் ஆறிப்போகிறது.

இனி இன்ஜினுக்கு வருகிறேன். விளக்கில் ஸ்பிரிட்டைத் தளும்ப ஊற்றினேன். கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கவில்லை, கொஞ்சம் இருக்கும். நாலைந்து நிமிடத்தில் ஒரு சீறல். விரலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டதும் பிடித்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பொருள் என் காலைச் சுற்றி டக்டக்கென்று ஓடுகிறது, மொசைக் தரையில் ஈரக்கோடு! மூன்று சுற்று வந்தது. அப்புறம் தளர்ந்து நின்றுவிட்டது. சூடு போதவில்லை போலிருக்கிறது என்று எரியவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து வெள்ளி மணி மாதிரி ஒன்று உருண்டு வந்தது. பிறகு இன்னொன்று. கொதிகலனின் பின்தகடு மெதுவாகச் சாய்ந்தது. தண்ணீர் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. ஈயப்பற்று உருகிவிட்டது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "ஏங்க, ஈயச் சொம்பை வெறுஞ்சொம்பா யாராச்சும் அடுப்புல வைப்பாங்களா?"

ரசம் வைக்கிற ஈயச் சொம்பைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் அது. உள்ளே ரசம் இருக்கிற வரைக்கும் எத்தனை தீயையும் சொம்பு தாங்கும். வற்றினால் சொம்பு இருக்காது, அடுப்பில் ஈயம்தான் இருக்கும். அது வெள்ளீயம், உருக 232 டிகிரி போதும்.

என் பெரியப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார். மீட்டர்கேஜில் பையர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார். அந்தக் கூரையில் காரீயம் அடைத்த குமிழ் ஒன்று திருகியிருக்கும், 'லெட் பிளக்'. தண்ணீர் இறங்கிக் கூரை காய்ந்தால் முதலில் உருகுவது அதுதான். ஆவி நெருப்பின் மேலேயே பீய்ச்சிக்கொண்டு இறங்கி, இரைச்சலில் ஆளை எச்சரித்துவிடும். இன்ஜின் வெடிக்காமல் தப்பும், பையர்மேன் தப்ப மாட்டான். 'லெட் பிளக்கை விட்டவன்' என்ற பெயர் ஷெட்டில் ஜென்மத்துக்கும் போகாது. பெரியப்பா அதை ஒருமுறைகூட விட்டதில்லை. பாதிக் கண் தண்டவாளத்தில், பாதிக் கண் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொள்வார்.

என் இன்ஜின் ஏன் அவ்வளவு சீக்கிரம் வற்றியது என்று யோசித்தபோது கணக்கு போட்டுப் பார்த்தேன். பெரிய இன்ஜினை 32-ல் ஒரு பங்காக, எங்கள் பழைய வாய்ப்பாட்டுக் கணக்கில் அரை வீசமாக, குறைக்கிறோம் என்று வையுங்கள். மாதிரி ரயில்களில் பழையதும் பேர்போனதுமான 45 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு இந்தக் கணக்குதான். நீளம் 32-ல் ஒன்று. மேற்பரப்பு 1,024-ல் ஒன்று. உள்ளே பிடிக்கிற தண்ணீரோ 32,768-ல் ஒன்று. சூட்டைச் சேர்த்து வைப்பது தண்ணீர், காற்றுக்குத் தாரை வார்ப்பது மேற்பரப்பு. ஆக ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் பெரிய இன்ஜினில் இருப்பதைப் போல 32 மடங்கு தோல். அண்டா வெந்நீர் அரை நாள் தாங்குவதும் டம்ளர் காப்பி பேச்சு முடிவதற்குள் ஆறிப்போவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கு எங்களுக்கு வயலில் முன்பே தெரியும். தாத்தா காலத்தில் ஒரே தாக்காக ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். நாலு பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். நிலம் ஒரு குழிகூடக் குறையவில்லை என்றது பத்திரம். ஆனால் புதிதாக எழுந்த வரப்புகள் விளைகிற மண்ணைத் தின்றன. பேரன்கள் பிரித்தபோது இன்னும் வரப்பு. கடைசியில் ஆளுக்குச் சில மா, சண்டை முழுக்க வரப்பின் மேல்.

ஜேம்ஸ் வாட் கையில் கிடைத்ததும் ஒரு பொம்மைதான். 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வைத்திருந்த நியூகோமன் இன்ஜினின் மாதிரியைப் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒழுங்காகத்தான் பூட்டினார். சில முறை அடித்துவிட்டு ஆவி போதாமல் நின்றது, திரும்பத் திரும்ப. அதே இன்ஜின் பெரிய உருவில் சுரங்கங்களில் ஐம்பது வருஷமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டரைக் குளிர வைத்துத் திரும்பச் சூடாக்கும் வீண்செலவு அதிலும் இருந்தது. நிலக்கரி மலையாகக் குவிந்திருக்கிற இடத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்? பொம்மைக்கு அந்த வசதி இல்லை, அதனால் உண்மையைக் கக்கிவிட்டது. 1765-ல் ஆவியைத் தனிக் கலத்தில் குளிர வைக்கும் யோசனை வாட்டுக்கு வந்தது. கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் அந்த மாதிரி இன்றும் இருக்கிறது.

சின்னதாக்கிப் பார்க்கும் ஆசை ஒரு காலத்தில் எங்கள் ரயில்பாதையையே பிடித்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும் திருச்சிராப்பள்ளிக்கு 1862-லும் 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே' ரயில் விட்டது. போட்டது அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். வைஸ்ராய் மேயோ பிரபு செலவைக் குறைக்கச் சொல்லி மீட்டர்கேஜைக் கொண்டுவந்த பிறகு, 1875-ல் அந்தப் பாதையைப் பிடுங்கி 1,000 மில்லிமீட்டராகக் குறுக்கினார்கள். தண்டவாளம் குறுகியது, தஞ்சாவூர்க்காரனின் முழங்கால் குறுகவில்லை. அதனால் மீட்டர்கேஜ் பெட்டியை யாரும் அதே விகிதத்தில் குறைக்கவில்லை. ஒரு மீட்டர் பாதையின் இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கும் பெட்டியாகத் தனியாக வடிவமைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நெல்லையும் எங்களையும் அது சுமந்தது. குட்டி அகலப்பாதையாக இருக்கப் பார்த்திருந்தால் பத்து வருஷம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். (எங்கள் காலத்தில் மறுபடி பிடுங்கி மறுபடி அகலமாக்கினார்கள். அது வேறு புலம்பல்.)

மாதிரி இன்ஜின் செய்பவர்களுக்குள்ளும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எல்.பி.எஸ்.சி. என்ற எழுத்துகளில் எழுதிவந்த ஒருவர், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் 'ஆயிஷா' என்ற குட்டி இன்ஜினை நிலக்கரி போட்டே ஓட்டி, பின்னால் பெரிய ஆளை உட்கார வைத்து இழுத்துக் காட்டினார். அந்த அளவில் ஸ்பிரிட்தான் சரிப்படும் என்று பெரிய கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் செய்தது ஒன்றுதான்: நிஜ இன்ஜினின் கொதிகலனை அச்சடிக்காமல், அந்தச் சின்ன நெருப்புக்கு எத்தனை குழாய், எவ்வளவு அகலம் வேண்டும் என்று தனியாகப் பார்த்தார்.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் வேறு ஜாதி மாதிரிகள் உண்டு. ஆணிக்கு ஆணி சரியாக இருக்கும், பெயர்ப்பலகையின் எழுத்துகூட விகிதம் தப்பாது. ஒரு நாளும் நெருப்பு கண்டிருக்காது. அவற்றின் வேலைப்பாட்டை மதிக்கிறேன், ஆனால் முன்னே வெகுநேரம் நிற்க முடிவதில்லை. ஓய்வு பெற்ற சில நண்பர்களின் வீட்டு வரவேற்பறை நினைவுக்கு வந்துவிடுகிறது. என்னுடையதும்தான்.

பட்டினப்பாலையில் சோழநாட்டு வீட்டு முற்றம் ஒன்று வரும். காயப்போட்ட தானியத்தைக் கொத்த வரும் கோழி மேல் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது வழியில் கிடந்து, சிறுவர்கள் உருட்டிவரும் சிறுதேரை மறிக்கிறது. சோழநாட்டுச் செல்வத்தைச் சொல்ல எழுதியது என்று ஆசிரியர் நடத்துவார். இன்ஜின் வந்த பிறகு என் கண் தேர் மேல் போகிறது. அதற்குக் குதிரை கிடையாது, மூன்றே சக்கரம். பெரிய தேரைப் பார்த்து விகிதம் பிடித்துச் செய்த தச்சன் மூன்று சக்கரம் வைத்திருக்க மாட்டான். பிள்ளையின் கை உயரத்தையும் நடை தள்ளாட்டத்தையும் பார்த்துச் செய்தவன் வைப்பான். என் பித்தளை இன்ஜினின் கோணல் முன்சக்கரமும் அப்படித்தான். எந்த நிஜ இன்ஜினுக்கும் அப்படி ஒரு சக்கரம் கிடையாது.

பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. ரயில் படம் ஒன்றுகூடச் சுவரில் மாட்டவில்லை. ஆனால் கொல்லையில் இருந்த செம்பு வெந்நீர் பாய்லரை மறுநாளே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதற்குத் தேங்காய் மட்டை எவ்வளவு, கொட்டாங்கச்சி எவ்வளவு, எந்த நேரத்தில் சாம்பலைத் தள்ளுவது என்று அவருக்கென்று ஒரு முறை உண்டு. பதினோரு பேர் குளிக்கிற வீடு. யாருக்கும் வெந்நீர் ஆறியது கிடையாது. ஒரு சொம்பு மொண்டால் ஒரு சொம்பு ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கொல்லையே அதிரும். அவரிடம் வேலை பறிபோன ஆளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அது ஏன் என்று அப்போது தோன்றவில்லை.

ஊஞ்சலைக் கழற்றிவிட்டோம். பலகைக்கு நாலு கால் வைத்து பெஞ்ச் ஆக்கியாகிவிட்டது, சுவரோரம் கிடக்கிறது. சாம்பாருக்கென்று மனைவி வாயகலம் குறைந்த ஒரு பாத்திரத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு பேருக்கான பக்குவத்தைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டாள். இன்ஜினை நாச்சியார்கோவிலில் ஒரு விளக்குப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பித்தளைப் பற்றே வைத்துவிடலாம், இனி எந்தச் சூட்டுக்கும் விடாது என்றார் பட்டறைக்காரர். ஈயமே போதும் என்றேன்.

இப்போது அளவு வைத்திருக்கிறேன். பேத்திக்கு மருந்து புகட்டிய பாலாடையால் தண்ணீர் ஆறு, ஸ்பிரிட் ஒன்று. தண்ணீர் தீருமுன் நெருப்பு அணைந்துவிட வேண்டும். நேற்று ஏழு நிமிடம் ஓடியது. ஈர வட்டத்தைத் துடைப்பது என் வேலை.