நோயாளியின் ஈமானை எடை போடுவதா?

மஹல்லாவில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் அன்று மாலைக்குள் அவர் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடுகின்றது. பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகின்றோம்; ஷிஃபாவுக்காகத் துஆச் செய்கின்றோம். நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்யவேண்டிய கடமை என்பதை நாம் நன்கு அறிவோம்.

அதே தெருவில், பிள்ளை பெற்று நாற்பது கழிந்த பின்னும் எழ மனமின்றி, காரணம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டு, பெற்ற குழந்தையையே ஏறிட்டுப் பாராமல் ஒரு மகள் படுத்திருந்தால்? அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. போகின்ற ஓரிருவரும் ஒரு கேள்வியோடுதான் போகின்றார்கள்: “தொழுகை, ஓதல் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றதா?”

ஈமான் பலமாக இருந்தால் மனம் நோயுறாது என்பது மார்க்கம் சொன்னதா, நாமாகச் சொல்லிக்கொண்டதா? மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைத் திருக்குர்ஆன் மறைக்காமல் கூறுகின்றது. அவர்களின் ஈமானை எடை போட யாருக்குத் துணிவு வரும்?

துயரம் வேறு, நோய் வேறு என்று சிலர் கூறலாம். உண்மையே. கி.பி. 934-ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்னும் முஸ்லிம் அறிஞர் உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துயரம் மற்றொன்று எனப் பிரித்து, பின்னதற்கு மருந்தும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் எழுதியதை, இன்று டாக்டர் சொன்னால் நாம் முகம் சுளிக்கின்றோம்!

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. அறிவில் சற்றுக் கோளாறுள்ள ஒரு பெண் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கொரு தேவை உண்டு என்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை, இன்னாரின் தாயே என மரியாதையாக விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகின்றாரோ அதை அவரே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அவர் பேசி முடிக்கும்வரை வழியோரத்தில் அவருடன் நின்றார்கள். மதீனாவின் தலைவருக்கு வேறு வேலை இல்லாமலா? நம் தெருவில் அத்தகைய பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன என்பதை எழுதவே கை கூசுகின்றது.

ஓதிப் பார்ப்பதை நாம் வேண்டாம் என்று கூறவில்லை. ஓதுங்கள், மருந்தும் கொடுங்கள். மருந்தில்லாமல் கட்டிப்போட்டு வைத்ததன் முடிவை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் போயின. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அறவே தடுக்கின்றது. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கல்நெஞ்சர்கள் என்று கூறிவிட முடியாது. ஊரில் வைத்துக்கொள்ள வெட்கப்பட்ட குடும்பங்களும் அவர்களுள் இருந்திருக்கும்.

இந்த வெட்கம் கடைசியில் நிக்காஹ் பேச்சில் வந்து நிற்கின்றது. நோயை மறைத்து மணம் முடிப்பது சரியா? சரியன்று, அது ஏமாற்று. ஆனால் உண்மையைச் சொன்ன வாப்பாவுக்கு நாம் என்ன செய்தோம்? அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, அவள் தங்கைக்கும் வரன் வராமல் செய்தோம். அதைப் பார்த்த அடுத்த வாப்பா மறைக்கின்றார். மகளோ, மாமியார் கண்ணில் பட்டுவிடுமென அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுகின்றாள். சில மாதங்களில் நோய் திரும்புகின்றது. “பார்த்தீர்களா, மறைத்துவிட்டார்கள்!” என்று அப்போது முதலில் சொல்பவர்களும் நாமே.