காணாக்கடி

‘காணாக்கடி’ என்று பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் தடித்தடியாய் வீங்கி அரிக்கும். பூச்சி கடித்ததா, நேற்று சாப்பிட்ட கருவாடு சேரவில்லையா, தெரியாது. ‘ஏதோ காணாக்கடி’ என்று சொல்லிவிட்டு வைத்தியம் பார்க்கப் போய்விடுவார்கள். டாக்டர்கள் அர்ட்டிகேரியா என்கிறார்கள். எனக்குப் பாட்டி வைத்த பெயர்தான் பிடிக்கிறது. கடி உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. கடித்தது எது என்ற இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறது. படித்த நமக்கு இந்தப் பொறுமை வரமாட்டேன் என்கிறது.

சாமல்பட்டியில் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை என்று லீவு போட்டு அழைத்துப்போய் எண்டோஸ்கோப்பி செய்கிறார். மயக்க ஊசி, கால் மணி நேரம், முடிந்தது. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்தும் அம்மா சொல்கிறார்: ‘ஊசி போட்டதுலருந்து தலை ஒரு மாதிரியாவே இருக்குதுப்பா. அடுப்புல பால வெச்சுட்டு மறந்துடறேன்.’ எதிர்வீட்டுப் பெண் காரணமும் கண்டுபிடித்துத் தருகிறாள்: ‘அந்த ஊசியில முட்டை கலக்கறாங்களாம். உங்களுக்குத்தான் முட்டையே ஆகாதே பெரியம்மா!’ மகன் போனில், ‘மருந்து ஒரே நாள்ல வெளிய போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. நீயா எதையாவது நெனச்சுக் கொழப்பிக்காத’ என்கிறான்.

யாரை நம்புவது? நீங்கள் என்றால் யாரை நம்புவீர்கள்?

முட்டைக் கதை முழுப் பொய் அல்ல. இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பல இடங்களில் கொடுக்கும் புரோப்போஃபால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயும், முட்டையின் மஞ்சள்கருவிலிருந்து எடுத்த லெசித்தினும் சேர்ந்து வருகிற வெள்ளை அது. ஆனால் முட்டை ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு ஆகாதது வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம். முட்டை, சோயா, வேர்க்கடலைக்கு ரத்தத்தில் ஒவ்வாமை அடையாளம் இருந்து, இதே மருந்தை வாங்கிக்கொண்டவர்களின் பதிவுகளை டென்மார்க்கில் தோண்டிப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், மருந்தால் ஒவ்வாமை வந்ததற்கான அடையாளமே இல்லை. (அதற்காக டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.)

ஆக, காரணம் தவறு. இங்கேதான் நாம் ஓர் அநியாயம் செய்கிறோம். காரணம் தவறு என்று தெரிந்ததும் தலை மந்தத்தையும் சேர்த்து ‘மனப்பிரமை’ என்று தள்ளிவிடுகிறோம். அம்மா சொன்னது இரண்டு விஷயம். தலை சரியில்லை என்பது ஒன்று. அதற்கு அவரைவிட்டால் வேறு நேரடி சாட்சி கிடையாது. ஊசியால்தான் என்பது இன்னொன்று. அது ஊகம், அதில் அவரும் நாமும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

1955-ல் பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் டாக்டர், வயதானவர்களின் வீட்டார் ‘ஆபரேஷனுக்கப்புறம் பழைய ஆளாகவே இல்லை’ என்று சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, லான்செட் இதழில் எழுதினார். முறையாகப் பல நாடுகளில் அளந்து, அதே இதழில் 1998-ல் வந்தது விடை. அறுபது வயதைத் தாண்டிப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், ஒரு வாரம் கழித்து நாலில் ஒருவருக்கும், மூன்று மாதம் கழித்துப் பத்தில் ஒருவருக்கும் ஞாபகமும் கவனமும் குறைந்திருந்தன. ஆக்ஸிஜன் குறைந்ததா, ரத்த அழுத்தம் இறங்கியதா என்று சந்தேகப்பட்டார்கள். இரண்டுமே குற்றவாளியாகத் தேறவில்லை. காணாக்கடிதான்!

கால் மணி நேர மயக்கமும் பெரிய ஆபரேஷனும் ஒன்றல்ல. அம்மாவின் மறதிக்குக் காரணம் சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக, தூக்கமின்மையாக, வேறு மாத்திரையாக இருக்கலாம். மனப்பிரமை என்று கதவைச் சாத்திவிட்டால் அவற்றில் ஒன்றையும் யாரும் தேடப்போவதில்லை.

‘ரிப்போர்ட்தான் நார்மல் என்கிறதே?’ என்பீர்கள். பக்கத்துக் கர்நாடகத்தில், பெங்களூரு, மைசூரு பகுதிப் பெரியவர்களிடம் உணவு ஒவ்வாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான அடையாளம் இருந்தது. நிஜமாகவே ஒவ்வாமை இருக்கலாம் என்று கணித்தது 1.2 சதவீதம் பேருக்குத்தான். ரத்தத்தை மட்டும் கேட்டிருந்தால் நாலில் ஒருவருக்குப் பத்தியம் போட்டிருப்போம். ‘சாப்பிட்டா என்ன பண்ணுது?’ என்று ஆளையும் கேட்டதால் பிழைத்தார்கள்.

அடுத்தவர் சொல்வதை நம்புவதில் எல்லோரையும் மிஞ்சியவர் பிராஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர். அவருடைய சகா க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸ் க்யூஸ்ட்னரின் சீரத்தைத் தன் வயிற்றுத் தோலுக்கடியில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். மீன் சாப்பிட்டு ஒருநாளும் அவதிப்படாத மனிதருக்கு அந்த இடம் மட்டும் வீங்கி அரித்தது. இது வெளியானது 1921-ல். ரத்தத்தில் இருந்த அந்தப் பொருளைக் கண்டுபிடித்து ஐஜிஈ என்று பெயர் வைத்தது 1960-களில்.

இன்று இப்படிச் செய்தால் அடுத்தவரின் மஞ்சள்காமாலையும் சேர்ந்து வந்துவிடும். ஓசூர் மகன் அவ்வளவு தூரம் போகவேண்டாம். ‘எப்பருந்தும்மா? காலைலயா, சாயங்காலமா? மாத்திரை போட்ட பிறகா?’ என்று கேட்டு, தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த லீவில் அம்மாவோடு டாக்டரிடம் போகலாம்.