கவாத்தும் கருணையும்

உயிர்க்கொலை தவிர்ப்போம் என்று சீலம் ஏற்ற இல்லறத்தார், செழித்து நிற்கும் மல்லிகையின் கொம்புகளை வெட்டலாமா? உல்லாஸ்நகரிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர், காணி நிலம் இல்லாவிடினும் வாசலோரத்தில் ஒரு தகர டின்னிலேனும் மல்லிகை வளர்ப்பர். மழைக்காலத்தில் அது மதமதவென்று வளர்ந்து வழியை அடைக்கின்றது. இலை மிகுதி, பூ அருமை. கவாத்துச் செய்யுங்கள் என்றால் சிலர் மனம் துணுக்குறுகின்றது. அத் துணுக்கத்தை நாம் நகையாடமாட்டோம்.

அது நம் மரபிலேயே ஊறியது. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது. பற்றக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்ற பறம்பின் பாரியை இன்றும் வள்ளல் என்கின்றோம். விநய பிடகத்திலோ, பச்சைச் செடிகொடிகளுக்கு ஊறு செய்வது பிக்குகளுக்குக் குற்றமாக விதிக்கப்பட்டுள்ளது. ஆளவி நகரத்துப் பிக்கு ஒருவர் மரம் வெட்டியபோது அதில் உறைந்த தேவதையின் குழந்தை அடிபட்டதாகவும், மரத்திற்கும் உயிருண்டு என்று கருதிய மக்கள் முறையிட்டதாகவும் அவ்விதி பிறந்த வரலாறு கூறும்.

ஆயினும் அது துறவியர்க்குரிய விதி. உழுதும் நட்டும் அறுத்தும் உண்ணும் இல்லறத்தாரின் ஐந்து சீலங்களில் செடியை வெட்டுதல் சேரவில்லை. விதி இல்லை என்பதால் கேள்வி தீர்ந்துவிடுமா? தீராது. 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் டாக்டர் அம்பேத்கர், கொல்லும் விருப்பத்தையும் கொல்ல வேண்டிய தேவையையும் பகவன் வேறு பிரித்துக் கண்டார் என விளக்குகின்றார். வெட்டுவதிலும் அவ்வேறுபாடு உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டியது, இவ்வெட்டு எவர் தேவைக்கு என்பதே. அதை அறியச் செடியின் இயல்பை அறிதல் வேண்டும்.

கொம்பின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் ஊக்கியைச் சுரந்து கீழே அனுப்புகின்றது. அது பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கும். இதனை 1930-களில் தீமன், ஸ்கூக் என்னும் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினர். நுனியை நீக்கினால் உறங்கிய கணுக்கள் விழிக்கின்றன. மல்லிகை பூப்பதோ பெரும்பாலும் அப் புதுத் தளிர்களில்தான். பழைய கொம்பு நீண்டு நீண்டு விறகாகுமேயன்றி மலர் தாராது. எனவே வெட்டாமல் விடுவதையே அருள் என்று எண்ணுவது சரியன்று. பாரியும் முல்லைக்கு வேண்டியது எது என்று கண்டே அதனைக் கொடுத்தான்.

இங்கேதான் காலம் என்பது அறத்தின் பகுதியாகின்றது. குண்டுமல்லிக்கு நவம்பர் இறுதி வாரம், பிச்சிக்கு டிசம்பர் இறுதி, முல்லைக்கு ஜனவரி இறுதி என்று கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளனர். மூன்றும் ஓரினமே, ஆயினும் ஒன்றன் நாள் மற்றொன்றுக்கு ஆகாது! கொங்கணத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓயாது. வெட்டுவாய் ஈரத்தில் அழுகும், புதுத்தளிரும் இலையாகவே ஓடும். நவம்பரில் வானம் வெளுத்துக் குளிர் தொடங்கும்போது செடி சற்று ஓய்கின்றது. அப்போது வெட்டினால் மார்ச்சில் அரும்பு காணலாம். வழியை மறைக்கின்றதே என்று மார்ச்சில் வெட்டுவோர், அதே கத்தரியால் அவ்வாண்டின் பூவையே அறுத்தெறிகின்றனர். எண்ணம் தூயதே, பலன் தீது. அறியாமையை மூன்று வேர்களுள் ஒன்றாக வைத்தது வீணன்று.

செய்முறை எளிது. சில நாள் முன்னரே நீரைக் குறையுங்கள். தரையினின்று 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்திற்குச் சற்று மேல், நிறுத்தி மற்றதைக் கழியுங்கள். டின்னில் வளர்வதாயின் இன்னும் சற்றுக் குறைக்கலாம். காய்ந்தவை, நோயுற்றவை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உராய்பவை ஆகியன முதலில் போகவேண்டும். கத்தரி கூர்மையாக இருத்தல் வேண்டும். மொண்ணைக் கத்தி பட்டையைக் கிழிக்கும், கிழிந்த புண் எளிதில் ஆறாது. கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, பின்னர் மக்கிய எருவும் நீரும் இடுங்கள். சென்ற மழைக்கு நட்ட இளங்கன்றையும், வாடி மெலிந்த செடியையும் தொடவேண்டாம். வலிமையுள்ளதற்கே கவாத்து, மெலிந்ததற்குச் சோறும் நிழலும்.

இன்னொன்றும் உண்டு; முதற்சீலம் நேராக வந்து தொடுமிடம் அதுவே. புதர் ஓரறிவினதாயினும் அதனுள் வாழ்வன வேறு. தையற்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் பறவை. இலைக்கும் கூட்டிற்கும் வேற்றுமை தெரியாது. கத்தரி எடுக்குமுன் கொம்புகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். நவம்பரில் பெரும்பாலும் கூடு வெறுமையாயிருக்கும். குஞ்சு இருப்பின் அக் கொம்பையும் அதனைச் சூழ்ந்தவற்றையும் அவை பறந்து போகும்வரை விட்டுவைத்து, மறுபுறத்தை மட்டும் கழியுங்கள். அவ்வாண்டு அப்பக்கம் பூ சற்றுக் குறையும்.