அச்சமும் பிரமாதமும்

அச்சம் குற்றமா, குணமா? இவ்வினாவை நம் இல்லங்களில் யாரும் அதிகம் எழுப்புவதில்லை. அஞ்சாதவனைப் புகழ்கிறோம், அஞ்சுகின்றவனைக் கண்டு நகைக்கிறோம். அவ்வளவில் அந்த ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. என் வாழ்வில் இரண்டு பாதைகள் இவ்வினாவை என்முன் வைத்தன. ஒன்று, வேலூரை அடுத்த அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறும் பாதை. மற்றொன்று, 2023-இல் நான் கண்ட ஆஸ்திரேலிய நாட்டுக் கடலோரச் சாலை. முதற்பாதையில் நான் செய்த பிழை, 35 ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் பாதையில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. அதனை நம் சிராவக, சிராவிகையர் முன் வைப்பது கடமை எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

அமிர்தியை நம் பகுதியினர் அறிவார்கள். மலையடிவாரத்துக் காடு, அருவி, 1967-இல் தொடங்கப்பட்ட சிறிய விலங்கியல் பூங்கா ஆகியவற்றைக் காணக் காணும் பொங்கலன்று சுற்றுவட்டாரத்தார் கட்டுச்சோற்றுடன் திரளும் இடம் அது. 1988-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் எங்கள் உறவினர் சில குடும்பத்தினருடன் அங்குச் சென்றிருந்தோம். என்னோடு ஆசிரியப் பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி அப்போது மலைமேல் ஒரு பள்ளியில் பணியாற்றி வந்தாள். அவளைக் கண்டு வர, நானும் என் கணவரும் எங்கள் பத்து வயது மகளும் உறவினர் இருவரும் காரில் மலையேறினோம். மற்றவர்கள் அமிர்தியிலேயே தங்கினர். மாலை உணவும் அவர்களிடமே இருந்தது.

தோழியின் வீட்டில் பேச்சில் பொழுது போயிற்று. இறங்கத் தொடங்கியபோது கதிரவன் மேற்கே வெகுவாகச் சாய்ந்துவிட்டான். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை என்னும் நோன்பு எங்கள் இல்லத்தில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருவது. என் மனம் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. என் கணவரோ மலைப்பாதையில் பழக்கமில்லாதவர். ஒரு வண்டி செல்லும் அகலமே உள்ள பாதை. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அவர் வண்டியைக் குறைந்த கியரில் வைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து, ஏறக்குறைய நின்று நின்று இறங்கினார். அவர் கைகள் நடுங்கியதை அருகிலிருந்த நான் கண்டேன்.

"இப்படி ஊர்ந்தால் விளக்கு வைத்த பிறகுதான் போய்ச் சேருவோம். நடந்து போகிறவர்கள்கூட நம்மை முந்திவிடுவார்கள். ஒரு ஆண்பிள்ளைக்கு இவ்வளவு பயமா?" என்றேன். பின்னாலிருந்த உறவினர் சிரித்தனர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் வேகம் மட்டும் கூடியது.

அடுத்த வளைவோ அதற்கடுத்த வளைவோ நினைவில்லை. மேட்டிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிப் பாதையில் குதித்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குட்டிக்கு இரண்டடி பின்னால், கையில் ஒரு குச்சியுடன், எங்கள் மகளின் வயதே உள்ள ஒரு மலைச்சிறுமி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. குட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சிறிது நேரத்தில் அவள் தந்தை வந்தார். என் கணவர் கொடுத்த பணத்தை எண்ணிப் பாராமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த நிலத்தில் வாழ்கின்றவர்கள் நாம். தோற்பையையும் தோல் வாரையும் வீட்டுக்குள் விடாமல் காத்து வருகிறோம். அன்று ஒரு குட்டியின் தோல் அதன் உடலிலிருந்து பிரிய நானே காரணமானேன். கதிரவன் மறையுமுன் அமிர்தி வந்து சேர்ந்தோம். எங்கள் இருவருக்கும் உணவு இறங்கவில்லை.

இரவில் உண்ணாமை எதற்காக? இருளில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் நம் உணவில் விழுந்து மடியாதிருப்பதற்காக. அந்த நோன்பைக் காக்க விரைந்து, பட்டப்பகலில் கண்ணெதிரே ஓருயிரைக் கொன்றோம். எல்லாரும் அதனை என் கணவரின் கைத்தவறு என்றனர். சாத்திரம் அவ்வாறு சொல்லாது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்பவரோடு உடன்படுதல் என வினை மூன்று வழியாலும் வந்து ஒட்டும் என்று நாம் பாடம் படித்திருக்கிறோம். ஓட்டியவர் அவர், ஓட்டுவித்தவள் நான், சிரித்தவர்கள் உடன்பட்டவர்கள். இதனை நான் அப்போதே உணர்ந்தேன். ஆயினும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீ சொன்னதால்தான்" என்று அவரும் தம் வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இனி இரண்டாம் பாதைக்கு வருகிறேன். 2023-இல் என் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் விடுமுறைக்கு ஆஸ்திரேலியா சென்றபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றனர். மெல்பர்ன் நகருக்குத் தென்மேற்கே 'கிரேட் ஓஷன் ரோடு' என்றொரு கடலோரச் சாலை உள்ளது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், மாண்ட தம் தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை பாறையை உடைத்து அமைத்த சாலை அது. நீளம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அதில் லார்ன் என்னும் ஊருக்கும் அப்போலோ பே என்னும் ஊருக்கும் இடைப்பட்ட பகுதி, ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் கடலுமாக வளைந்து வளைந்து செல்கிறது. அங்கும் நம் நாட்டைப் போல இடப்பக்கமே ஓட்ட வேண்டும். ஆகவே மேற்கு நோக்கிச் செல்லும் வண்டி கடலின் விளிம்பை ஒட்டியே செல்லும்.

மாப்பிள்ளைக்குக் கண் அறுவை நடந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் மகள்தான் ஓட்ட வேண்டியிருந்தது. சென்னை நெரிசலில் பல்லாண்டு ஓட்டிப் பழகியவள் அவள். எனினும் முந்தைய இரவு அவள் உறங்கவில்லை. மறுநாள் லார்னைத் தாண்டியதும் அவள் ஸ்டியரிங்கை இறுகப் பற்றிய கைகளைக் கண்டேன். எனக்கு மற்றொரு கை நினைவுக்கு வந்தது. பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. பதினைந்து வயதுப் பேரன், "அம்மா, எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்படியா பயப்படுவது?" என்றான். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். மகளின் கால் ஆக்ஸிலேட்டரின் மேல் அழுந்துவதை வண்டியின் ஓசையில் அறிந்தேன்.

மெதுவாகச் செல்லும் வண்டிகள் ஒதுங்கி நின்று பிறருக்கு வழிவிடுவதற்கென்றே அச்சாலையில் ஆங்காங்கே இடம் ஒதுக்கி, பலகையும் வைத்திருக்கிறார்கள். "அடுத்து வரும் இடத்தில் ஒதுக்கி நிறுத்தம்மா" என்றேன். நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் அமைதியாகக் கடந்து போயினர். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே, கடலைப் பார்த்தபடி, அமிர்திப் பாதையில் நான் சொன்ன சொல்லைப் பேரனிடம் முதன்முறையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மகள் மெல்லச் சொன்னாள்: "எனக்குக் கடலைக் கண்டு பயமில்லை அம்மா. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெண் நின்றுகொண்டிருப்பாள் என்று தோன்றுகிறது."

அவள் அன்று பின்னிருக்கையில் இருந்தாள் என்பதையே நான் மறந்திருந்தேன்.

அச்சத்தைப் பற்றி ஜினாகமம் என்ன சொல்கிறது? அச்சம் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்று. மோகனீய வினையின் விளைவு. நற்காட்சி உடையவர் இம்மை, மறுமை, வேதனை, பாதுகாப்பின்மை, மறைவிடமின்மை, மரணம், எதிர்பாராத இடர் ஆகிய ஏழு பற்றிய அச்சங்களும் நீங்கியவர் என்பர். இவ்வளவை மட்டும் படித்தவர்கள், அஞ்சி ஓட்டுகின்றவரைக் குறைத்துப் பேசுவது முறைதானே என எண்ணக்கூடும். நானும் அவ்வாறு எண்ணியவளே.

ஆனால் அதே ஆகமம் மற்றொன்றையும் சொல்கிறது. மனம், மொழி, மெய் ஆகியவை பிரமாதத்துடன் செயற்படுவதால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வரையறுக்கிறார். வந்தவாசியை அடுத்த பொன்னூர்மலையில் நாம் திருவடி வணங்கும் குந்தகுந்த ஆசாரியர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், விழிப்பின்றி நடப்பவனுக்கு இம்சை உண்டு என்பது அவர் கருத்து. விழிப்புடன் நடப்பவன் காலடியில், அவன் அறியாது ஓருயிர் மடிந்தாலும் அவனுக்கு அந்தக் குற்றம் இல்லை. அவ்வாறாயின் அன்று அந்தச் சிறுமி பிழைத்ததால் நாங்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிடவில்லை. குட்டி குறுக்கே வராமலே போயிருந்தாலும் என் சொல் இம்சையே.

பிரமாதம் என்னும் சொல்லைப் பாருங்கள். உலக வழக்கில் மிகச் சிறப்பு என்று பொருள். 'பிரமாதமாக ஓட்டுகிறான்' என்று வேகமாக ஓட்டும் இளைஞனைப் பாராட்டுகிறோம். சாத்திரத்தில் அதற்கு விழிப்பின்மை என்று பொருள். நாம் பாராட்டுவது பெரும்பாலும் சாத்திரம் சொல்லும் பிரமாதத்தைத்தான்! பிரமாதம் பதினைந்து வகை எனப் பிரித்துரைப்பர்: வீண்பேச்சு நான்கு, கஷாயம் நான்கு, புலன்வழிச் செல்லுதல் ஐந்து, உறக்கம், பற்று. ஓட்டுநர்க்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கைப் பட்டியல் உண்டோ? ஓட்டும்போது கைப்பேசியில் உரையாடுதல் வீண்பேச்சு. முந்தியவன்மேல் சினம் கஷாயம். கடலழகில் கண்ணை விடுதல் புலன்வழிச் செல்லுதல். இரவுப் பயணத்தில் கண்ணயர்தல் உறக்கம். இப்பதினைந்தில் அச்சம் இடம்பெறவில்லை. மானம் இடம்பெறுகிறது. தமிழில் மானம் பெருமைக்குரிய சொல். நம் ஆகமத்திலோ அது நான்கு கஷாயங்களுள் இரண்டாவது. அன்று என் கணவரின் காலை அழுத்தியது அச்சமன்று, நான் கிளறிவிட்ட மானம்.

இதனால் அச்சம் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடலுக்கு அஞ்சுகின்றவர் தம்மை அறியாமல் வண்டியைச் சாலையின் நடுக்கோட்டை நோக்கி நகர்த்துவார். அப்போது எதிரே வருபவரின் உயிருக்கு இடர் விளைகிறது. தன்னுயிரையே எண்ணி நடுங்கும் அச்சம் பிறவுயிரை மறக்கிறது. அதனால்தான் அது விடத்தக்கது எனப்பட்டது. எதிரே வருபவருக்கும், வளைவில் நிற்கக்கூடிய சிறுமிக்கும், துள்ளி வரும் குட்டிக்கும் தன்னால் தீங்கு நேருமோ என்று அஞ்சுவது வேறு. அதற்கு அருள் என்றும் விழிப்பு என்றும் பெயர். துறவறத்தார் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி அடிவைக்கும் ஈரியா சமிதியில் இருப்பதும் இதுவே. அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் நடந்தே செல்கிறார்கள். வண்டியில் செல்லும் இல்லறத்தாராகிய நாம், அந்தச் சமிதியின் ஒரு சிறு கூறையாவது ஓட்டுநர் இருக்கைக்குக் கொண்டுசெல்ல வேண்டாமா?

சாலை விதிகளிலும் இவ்வறம் உண்டு. அகலம் போதாத மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே உள்ளது. ஏறுபவனுக்கே சுமை அதிகம். ஆகவே எளிதாக இறங்குபவன் பொறுக்க வேண்டும். பிறர் சுமையை எண்ணிப் பார்ப்பதுதானே அறம்!

ஓட்டுநரைவிட உடன் செல்வோருக்கே இதனை நான் எழுதுகிறேன். நாம் திருமலைக்கும் பொன்னூருக்கும் மேல்சித்தாமூர்த் தேருக்கும் வேன் அமர்த்திச் செல்கிறோம். "சீக்கிரம் போப்பா, அபிஷேகம் தொடங்கிவிடும்" என்று ஓட்டுநரை விரட்டுகிறோம். அந்த ஒரு சொல்லால் வழிபாட்டின் பயன் பாதி வழியிலேயே தொலைந்துவிடக்கூடும். அபிஷேகத்தைக் காணாமற்போனால் மறுமுறை காணலாம். பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமாயின் உணவை வண்டியிலேயே எடுத்துச் செல்வோம். ஓரிடத்தில் நிறுத்தி உண்போம். அதுவும் இயலாதபோது அன்று உண்ணாதிருப்போம். ஒருவேளை உண்ணாமை நமக்குப் புதிதன்று. மலைப்பாதையிலோ அயல்நாட்டுக் கடற்கரையிலோ ஓட்டத் தயங்குபவர் "என்னால் இயலாது" என்று சொன்னால், அச்சொல்லை மதித்து வேறு வழி காண்போம். மெதுவாக ஓட்டுபவர் ஒதுங்கி வழிவிடட்டும். உடனிருப்போர் வாய் மூடி இருக்கட்டும்.

அன்று அந்தக் கடற்கரையில் சிறிது நேரம் இருந்தபின் மகள் மீண்டும் வண்டியை எடுத்தாள். வேகம் பழையபடி குறைவாகவே இருந்தது. அப்போலோ பே சேரும் வரை மூன்று இடங்களில் ஒதுங்கி வழிவிட்டாள். முன்னிருக்கையில் மாறி அமர்ந்திருந்த பேரன், வளைவு வருமுன் ஒவ்வொரு முறையும் "அம்மா, வளைவு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான். நான் கேட்க விரும்பிய வேறொருவர் அங்கில்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இப்பக்கங்களில் கேட்டுக்கொள்கிறேன்.